தறி ஊரில் கடைந்த புஷ்

சின்னாளப்பட்டிக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எங்கள் ஊர் என்றால் சுங்கிடிச் சேலை, தறிச் சத்தம். உப்புக்காற்றெல்லாம் இங்கே வராது. ஆனால் லேத்துப் பட்டறை உண்டு. என்னோடு மெக்கானிக்கல் படிக்கும் முட்டத்துக்காரன் ஒருவனும் உண்டு. இவை இரண்டும் சேர்ந்ததில் ஒரு மாதம் முழுக்க 'எந்த உலோகம்?' என்ற ஒரே கேள்வியோடு அலைய வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். அவன் அப்பா ஃபைபர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். வள்ளத்தின் பின்னால் மாட்டியிருப்பது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இஞ்சின். குமரிக் கடற்கரைக்கு இது புதிதல்ல. 1980களிலேயே முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டினார்கள். கட்டுமரத்திலிருந்து மோட்டாருக்கு மாறிய காலம் அது. (பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார்கள். எனக்கு அது இன்னும் வித்தை மாதிரிதான் தெரிகிறது.)

இந்த இஞ்சினை வள்ளத்தோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டில் நேரடியாக முடுக்கியிருக்க மாட்டார்கள். நடுவில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக ரப்பர் மவுண்ட் இருக்கும். அதிர்வை வாங்கிக்கொள்வது அதன் வேலை. சூடும் உப்பும் போதாதென்று மண்ணெண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதி, இளகி, கடைசியில் பிய்ந்துவிடும். பிறகு இஞ்சின் தலையாட்ட ஆரம்பிக்கும். திருப்பினால் ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்பும். அலையில் வள்ளத்தைக் கரையேற்றும்போது அந்த ஒரு நொடி என்பது சும்மா இல்லை.

பழைய இஞ்சினுக்கு ஸ்பேர் உடனே கிடைப்பதில்லை. அதனால் கடற்கரையில் பலரும் செய்வது, ரப்பரைத் தூக்கிவிட்டு அதே அளவில் உலோகத்தில் கட்டியாக ஒரு புஷ் கடைந்து போட்டுவிடுவது. வெளிநாடுகளில் படகுப் பந்தயக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். வேகத்தில் இஞ்சின் இம்மியும் அசையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. "மக்கா, உங்க ஊருல லேத்து இருக்குல்லா, நாலு புஷ் போட்டுத் தா" என்றான் நண்பன். அளவு எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறை அண்ணன் யோசிக்கவே இல்லை. "பித்தளையில போட்டுக்க தம்பி. துருவே புடிக்காது." திண்டுக்கல் பக்கத்துக்காரர் வேறு என்ன சொல்வார்? பூட்டுக்குப் பேர்போன மண் இது. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பூட்டுக்குள்ளே இருக்கும் பித்தளை லீவர் துருப்பிடித்து யாரும் பார்த்ததில்லை. அவர் சொன்னதில் தப்பே இல்லை, அந்தப் புஷ் தனியாக இருக்கப் போகிறது என்றால்.

அது தனியாக இருக்கப் போவதில்லை என்பதுதான் சிக்கல். அவுட்போர்டின் உடம்பு முழுக்க அலுமினிய வார்ப்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. இரண்டில் ஒன்று கரையும். அலுமினியமும் பித்தளையும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். அதாவது புஷ் பளபளவென்று அப்படியே இருக்கும், இஞ்சின் பிராக்கெட் தின்னப்பட்டுப் போகும். செம்பு கலந்த எதுவும் அலுமினியத்துக்கு ஆகாது. போதாக்குறைக்கு அதிலிருந்து கரைந்து வரும் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து அங்கங்கே புதுசாகக் குழி பறிக்கும்.

இது இன்று நேற்றுத் தெரிந்த சங்கதி இல்லை. 1761இல் 'அலார்ம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியில், மரத்தைப் புழு துளைக்காமல் இருக்கச் செப்புத் தகடு அடித்தார்கள். 1763இல் பார்த்தால் இரும்பு ஆணிகள் பலவும் கரைந்து போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. செப்புத் தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் பிரிக்கப்படாமல் ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இடங்கள் அவை. வெறும் காகிதம்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணனிடம் கப்பல் கதை சொன்னால் சிரிப்பார் என்று ஒரு வாளி தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட்டேன் (கடல் நீரில் ஏறக்குறைய அவ்வளவுதான்). அலுமினியத் துண்டுகளில் ஒவ்வொரு உலோகமாக முடுக்கி உள்ளே போட்டேன். மூன்றாவது வாரம் எடுத்தால், பித்தளையைத் தொட்டுக்கொண்டிருந்த அலுமினியத்தில் வெள்ளைப் பொடி கிளம்பி, அடியில் குழி விழுந்திருந்தது. அண்ணன் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அட" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு பித்தளைப் பேச்சை எடுக்கவில்லை.

சாதா இரும்பு, அதாவது எம்.எஸ். ராடு, மலிவு, கடைவதும் சுலபம். ஆனால் துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஓட்டைக்குள் உட்கார்ந்த புஷ் துருவேறி உப்பினால் ஒன்று கழற்ற வராது, அல்லது வார்ப்பையே விரிசல் விட வைக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். 304 கடலில் குழி விழும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 அதைவிட நன்றாகத் தாங்கும். போல்ட்டுக்கு அதுவே சரி. போல்ட் சின்னது, அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் பெரியது, கிரீஸ் தடவிப் போட்டால் சமாளிக்கலாம். ஆனால் கட்டியான புஷ்ஷே ஸ்டெயின்லெஸ் என்றால் தொடும் பரப்பு கூடிவிடுகிறது. பித்தளை அளவுக்கு இல்லாவிட்டாலும் அதே வம்புதான்.

அப்படியானால் அலுமினியத்துக்கு அலுமினியமே துணை. "அது மெத்துனு இருக்குமேப்பா" என்றார் அண்ணன். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. புத்தகத்தைப் புரட்டினால், 6061-டி6 என்ற ரகம் வளையத் தொடங்கும் அளவு சுமார் 275 மெகாபாஸ்கல். கட்டடத்துக்குப் போடும் சாதா இரும்புக்கு 250! எடையோ மூன்றில் ஒரு பங்கு. (விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் பழைய இரும்புக்கடையில் 'அலுமினியம்' என்று கிடைக்கும் ராடு எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது. 2024 போன்ற ரகங்களில் 4 சதவீதத்துக்கு மேல் செம்பு இருக்கும். அதைப் போட்டால் பித்தளையைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்த மாதிரி. ரகம் எழுதிய பில்லோடு வாங்கினால்தான் உண்டு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோதுதான் உண்மையான கேள்வி வந்தது. ரப்பர் இத்தனை நாள் வாங்கிய அடியை இனி யார் வாங்குவது?

நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் மணிக்கு 3 லட்சம். அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு: 'இதற்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் உடையாது' என்று இரும்புக்குச் சொல்வதுபோல ஓர் எல்லை அதற்குக் கிடையாது. அதனால் 50 கோடி முறை ஆட்டிப் பார்த்த கணக்கைத்தான் புத்தகங்களில் கொடுப்பார்கள். 50 கோடி கேட்கப் பெரிதாக இருக்கிறது. தினம் 6 மணி நேரம் ஓடும் இஞ்சினுக்கு 278 நாளில் முடிந்துவிடும். கட்டியான புஷ் உடையாமல் இருக்கலாம். அடி போய்ச் சேருவது பிராக்கெட் வார்ப்புக்கும், வள்ளத்தின் பின்பலகைக்கும், பிறகு கைக்கும்.

கை என்று சொன்னது நான் இல்லை, நண்பனின் அப்பா. போனில் உலோகம், ரகம் என்று நான் அளந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மக்களே, கை மரத்துப் போகாம இருக்குமா?" என்றார். கட்டி மவுண்ட் போட்ட இன்னொருவர் வள்ளத்தில் ஒரு நாள் போனாராம். கரைக்கு வந்த பிறகும் விரல் மரத்துப்போய், வலைக் கண்ணி பிடிபடவில்லையாம். அமெரிக்காவின் இண்டியானாவில், காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918இலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த வயதில் வலை பின்னும் விரல் போனால் வேறு என்ன வேலைக்குப் போவார் அந்த மனுஷன்?

ஆகவே நாலு புஷ் இரண்டாயிற்று. உந்துதலின் பளு அதிகம் விழுவது காற்றாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் மவுண்ட்களில். அங்கே மட்டும் 6061-டி6, கட்டியாக. அதிர்வு கிளம்பும் தலைப்பக்கத்து மேல் இரண்டும் ரப்பரேதான். தூத்துக்குடியில் சொல்லிவைத்து, ஐந்து வாரம் காத்திருந்து வாங்கினோம். அதுவரை அவர் இன்னொரு வள்ளத்தில் பங்குக்குப் போனார். போல்ட் 316. அதற்கும் புஷ்ஷுக்கும் நடுவில் மெல்லிய டெல்ரின் குழல் ஒன்று, அந்தப் பழுப்புக் காகிதத்தின் நினைவாக. நைலான் தண்ணீர் குடித்து ஊதும், ஆகையால் வேண்டாம். நட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷரும் கூடாது. நாளாவட்டத்தில் அது நசுங்கி முடுக்கு தளர்ந்துவிடும்.

நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். கோடு முறிந்து தெரிந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இஞ்சினை வள்ளத்தோடு கட்டும் கயிறு தனியாக உண்டு, அதை எந்த உலோகத்தை நம்பியும் அவிழ்ப்பதாக இல்லை. நாலு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் ஒரு பக்கம் கழுவப்பட்டு, அந்த இடத்தில் மட்டும் லேசாக வெள்ளை பூத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி கிரீஸ் வைத்துப் போட்டான். அடுத்தது கிறிஸ்துமஸ் லீவில் கழற்றுவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் போகிறேன்.