தரையைத் தட்டிப் பாருங்கள்

ஓடாமல் கிடக்கும் பள்ளிக்கூட பஸ்ஸை வைத்துக்கொள்வதா, உடைப்புக்குப் போடுவதா என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் திறப்பார்கள். வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, டீசல் ஊற்றி, ஏர் எடுத்து, செல்ஃப் அடிப்பார்கள். கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் அத்தோடு தீர்ப்பும் வந்துவிடும்: "எஞ்சின் கிண்ணுனு இருக்கு சார், தேத்திடலாம்."

எங்கள் பள்ளி பஸ் பதினைந்து வருஷத்தைத் தாண்டி ஷெட்டுக்குப் பின்னால் நின்றபோதும் இதுதான் நடந்தது. டிரைவர் அண்ணனுக்கு வண்டியைத் தேற்றிவிட வேண்டும். தாளாளருக்கு அந்த இடம் காலியாக வேண்டும். பஸ் கணக்கு எழுதுகிறவன் என்பதால் இருவருமே என்னிடம்தான் வந்து பேசினார்கள்.

பள்ளி பஸ்ஸுக்கு வயது ஏறுவதே வேறு மாதிரி. டவுன் பஸ் ஒரு வாரத்தில் ஓடும் தூரத்தைப் பள்ளி பஸ் ஒரு மாதத்தில்கூட ஓடாது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மற்ற நேரமெல்லாம் வெயிலிலும் மழையிலும் நிற்கும். கோடை விடுமுறையில் மொத்தமாக நின்றுவிடும், எலி புகுந்து ஒயரைக் கடிக்கும். அதனால் எஞ்சின் தேயாது, பாடிதான் அரித்துப்போகும். லாரிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இது தலைகீழ். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு பள்ளி பஸ்ஸுக்கு மார்க் போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர் பஸ் ஒரே இடத்தில் முழுதாகப் பிறப்பதில்லை. கம்பெனியிலிருந்து சேஸ் மட்டும் தனியாக வரும். கூரையும் கண்ணாடியும் இல்லாத அந்த எலும்புக்கூட்டை, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் கரூரை நோக்கி ஓட்டிப்போவதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் அதற்குப் பாடி கட்டுவார்கள். ஆகவே சேஸுக்கு ஒரு ஆயுள், பாடிக்கு இன்னொரு ஆயுள். எது முதலில் முடிகிறது என்பதுதான் கேள்வி.

வண்டியைப் பார்க்க வந்த டிங்கர் மேஸ்திரி எஞ்சின் பக்கமே போகவில்லை. பின்சீட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பைக் கிழித்தார். கீழே பிளைவுட் நனைந்து கறுத்திருந்தது. அதையும் பெயர்த்துவிட்டுக் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். உள்ளே இறங்கியது. "பெயின்ட்தான் சார் வண்டியைப் புடிச்சிக்கிட்டு நிக்குது" என்றார்.

இது யாருடைய குற்றமும் இல்லை. பிள்ளைகளின் வாட்டர் பாட்டில் சாயும், மழைநாளில் சேற்றுக்காலோடு ஏறுவார்கள், சனிக்கிழமை ஆயா பைப்பை வைத்துக் கழுவுவார். தண்ணீர் விரிப்புக்கு அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். எங்களுடையது நாகப்பட்டினம் பக்கம், உப்புக்காற்று வேறு. படிக்கட்டின் அடி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கடைசி சீட்டின் கீழ் என்று துரு வரிசையாக இடம் பிடித்துக்கொள்ளும்.

"தகடு வெச்சு வெல்டு அடிச்சிட்டா எஃப்.சி. பாஸாயிடும் மேஸ்திரி" என்றார் டிரைவர் அண்ணன்.

"பாஸாயிடும்ணே. அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்னவென்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஓடிக்கொண்டிருந்த பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் அதே ஆண்டில் வந்தன. கோடை விடுமுறை முடிவதற்குள் பள்ளி பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்களே, அதற்குப் பின்னால் அந்தக் குழந்தை இருக்கிறாள்.

தேற்றுவது என்றால் ஒழுங்காகத் தேற்ற வேண்டும். குறுக்குச் சட்டங்களை மாற்றப் போனால் தூண்களின் அடிப்பகுதியும் போயிருப்பது தெரியும். தூணில் கைவைத்தால் கூரை ஆடும். கடைசியில் பழைய சேஸின் மேல் புதுப் பாடிதான். அப்படிக் கட்டினால் பஸ் பாடிக்கான ஏ.ஐ.எஸ். 052, பள்ளி பஸ்ஸுக்கான ஏ.ஐ.எஸ். 063 விதிகளைப் பார்க்க வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும். எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி.; பதினைந்து வருஷம் தாண்டிய பஸ்ஸுக்கு அந்தக் கட்டணத்தையும் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாய்க்கு ஏற்றினார்கள். இவ்வளவும் செய்து முடித்தாலும் பெற்றோர் கண்ணுக்கு அது பழைய வண்டிதான்.

முன்னாள் மாணவர்கள் சிலர் வண்டியை நூலகமாக்கலாம் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கும் தரை வேண்டுமே!

ஆக, உடைப்பு. இதில் இரண்டு வழி உண்டு. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் முழு வண்டியாகக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது பஸ் வாங்கினால், மத்திய அரசு விதிப்படி சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை கிடைக்கும். பார்ட் பார்ட்டாகப் பிரித்து விற்றால் கையில் கூடுதல் காசு நிற்கும், அலைச்சலும் கூடும். எஞ்சின், பம்பு, கியர்பாக்ஸ், கிரவுன், ரேடியேட்டர் இவற்றுக்கு ஆள் வரும். லேலண்ட் எஞ்சின் என்றால் கடற்கரைப் பக்கம் விசைப்படகுக்காரர்களும் வந்து கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளின் சீட்டை யாரும் சீந்தமாட்டார்கள். நல்ல சாமான்கள் போனபின் மிஞ்சும் கூடு காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். அதுவரை இடம் காலியாகாது. பழைய பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் மூட்டுகளை நானாக இருந்தால் யாருக்கும் விற்கமாட்டேன். அவை இன்னொரு வண்டிக்குப் போகக்கூடாத சாமான்கள்.

எங்கள் பள்ளி புது பஸ் வாங்கப்போகிறது என்பதால் முதல் வழிதான் சரி என்று எழுதிக்கொடுத்தேன், தாளாளரும் கையெழுத்துப் போட்டார். டிரைவர் அண்ணன் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பார்ட்டாகப் பிரித்து விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியை உடைத்தால் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. ஆர்.சி.யைக் கேன்சல் செய்து, எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். சேஸ் நம்பர் உள்ள துண்டை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். கூட்டை ஏற்றி அனுப்புமுன் பக்கவாட்டில் இருக்கும் பள்ளியின் பெயரையும் போன் நம்பரையும் அழித்துவிடுங்கள்.