மலை மேலே ஒரு டீம் செலக்‌ஷன்

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் வழியில் ஒரு டீக்கடை. ஃபுட்பால் ஆட்டம் முடித்துச் சேறு அப்பிய காலோடு பையன்கள் வெளியே நிற்கிறார்கள். உள்ளே பெஞ்சில் காபி எஸ்டேட் மேஸ்திரி ஒருவர், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர், சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன். நான் போய் உட்கார்ந்தபோதே வாக்குவாதம் சூடேறியிருந்தது. சென்னையின் எஃப்.சி. எப்படி ஆள் எடுக்க வேண்டும்?

"நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் ஒருத்தன் போதும்ணா. வால்ஸ்கிஸ் இருந்தப்ப எப்படி ஆடினோம்!" என்றான் காலேஜ் பையன். நியாயமான பேச்சுதான். 2019-20 சீசனில் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். அணி இறுதிப்போட்டி வரை போய், ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்கு முந்தின வருஷத்த ஏன் தம்பி விட்டுட்ட?"

விட முடியாத வருஷம் அது. 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று சாய்த்து இரண்டாவது முறை ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிய சென்னையின், அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. அதே மாதங்களில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கை வென்றது. முந்தைய சீசனில் எட்டாம் இடத்தில் முடித்த அணி! பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் தேடிப் பிடித்த சிலர். அவர்களில் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். சுற்றிலும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாளில்தான் முடிவானது. இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டு ஃபுட்பாலில் எனக்குத் தெரிந்து இல்லை.

"மான்சி இல்லேன்னா அந்தக் கப்பு வந்திருக்குமா மாஸ்டர்?" மேஸ்திரி விடுவதாக இல்லை.

வந்திருக்காது. ஆனால் மான்சிக்குப் பந்து எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்றிருந்தது. 2021-22 முதல் நான்கு பேர்தான். பதினொருவரில் ஏழு பேர் இந்தியர் என்றால், அந்த ஏழு பேரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் அணியின் தலையெழுத்து. கண்டனூர் சிவசக்தி, ராமன் விஜயனின் ஃபுட்பால் பள்ளியில் வளர்ந்து பெங்களூருக்காகக் கோல் போட்டான். சென்னைப் பையன் நந்தகுமார், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் போட்டான். நம் ஊர் விளைச்சல் வேறு ஊர்ச் சந்தையில் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

டீக்கு அப்புறம் மாஸ்டர் எங்களை மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பக்கம் சரிவு, ஓரத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். பந்து அடிக்கடி காபிச் செடிக்குள் போய்விடுகிறது. இடதுகால் ஆட்டக்காரன் ஒருவன் அந்தச் சரிவிலேயே இரண்டு பேரைத் தாண்டி, தலை நிமிர்ந்து பார்த்து, எதிர் ஓரத்துக்குப் பந்தை மாற்றினான். பந்தைவிட இடத்தைப் பார்க்கிறவன். அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்காது.

"இவன் செலக்‌ஷனுக்குப் போனானா?"

"சேலத்துல காலைல நிக்கணும்னா முந்தின நாளே எறங்கி சொந்தக்காரங்க வீட்டுல படுக்கணும் சார். அவங்கப்பாவுக்கு ரெண்டு நாள் கூலி போயிடும். அதனால போகல."

இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே நடக்கும் தேர்வுக்கு இவன் வரவில்லை என்பதால், இப்படி ஒருவன் இருப்பதே எந்த அணியின் பட்டியலிலும் இருக்காது. ஸ்ட்ரைக்கருக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளி, வருஷத்துக்கு ஒரு முறை மாவட்டம் மாவட்டமாக ஒரு பயிற்சியாளரை அனுப்பி, மலைக்கும் ஏற்றிவிடப் போதும். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மேஸ்திரி மட்டும் ஒப்பவில்லை. "வரட்டும், பாக்கட்டும். ஆனா இந்தப் பையன் தயாராக இன்னும் நாலு வருஷம் ஆவும். அதுவரைக்கும் கோல் யாருங்க போடறது?"

காலேஜ் பையன் அதற்குள் ஒரு பெயர் சொல்லிவிட்டான். மாஸ்டர் மறுத்தார்.