சுற்றிப் போடும் கை

கார்த்திகை தீபம் முடிந்ததும் எங்கள் வீட்டில் மார்கழிக்குச் சாமான் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். கல்லுப்பு, காம்பு ஒடியாத மிளகாய் வற்றல், கடுகு, கிழங்கு மஞ்சள், கிளிஞ்சல் சுண்ணாம்பு, படிகாரம், கட்டிச் சாம்பிராணி. எதுவும் அபூர்வப் பொருள் இல்லை. எங்கள் ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். சுற்றிப் போடவும் வேப்பிலை அடிக்கவும் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் முதலில் மந்திரத்தைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் அவர்கள் கையில் கொடுப்பது மிளகாய் முறத்தை.

நம் பக்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள். உப்பு நீர் விட்டுப்போயிருக்கும், மிளகாய் பதத்துப்போயிருக்கும். அதை அப்படியே தணலில் போட்டால் வீடு முழுக்கக் கமறும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது பொல்லாத காரியம். அதனால் மழை விட்ட வெயிலில் மிளகாயைச் சலசலவென்று ஓசை வரும்வரை காயவைக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததை ஒதுக்க வேண்டும். உப்பு மண்சட்டியில் இருக்க வேண்டும். இவ்வளவையும் சலிக்காமல் செய்கிற பெண்ணுக்குத்தான் அடுத்த பாடம்.

இந்த வேலையை நான் என் ஆயாவிடம் கற்றேன். பில்லி, ஏவல், வைப்பு என்று யாராவது பேச்செடுத்தால் ஆயா திண்ணையை விட்டே எழுந்து உள்ளே போய்விடும். நம்முடையது கழிப்பு. வந்தவர் மேல் இருக்கிற பாரத்தை எடுத்துப் போடுவது மட்டுமே. யார் கண் பட்டது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லி இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிட்டால், அந்தப் பாவத்தைச் சுற்றிப் போட எந்த மிளகாயாலும் முடியாது. மிளகாய் கமறினால் கண் இல்லை, கமறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். ஆயா அதை வைத்து யாருக்கும் தீர்ப்புச் சொன்னதில்லை. தணல் நன்றாகக் கனன்றால் நெடி குறையும், ஈர மிளகாய் எப்படியும் கமறும் என்று அடுப்படியிலேயே காலம் கழித்த அதற்குத் தெரியும்.

ஆயா சுற்றும்போது பார்க்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரம். வந்தவரைக் கிழக்கே பார்க்க உட்கார வைக்கும். உப்பும் மிளகாயும் கடுகும் வலது கை முட்டிக்குள். வலமாக மூன்று, இடமாக மூன்று, பிறகு உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஓர் இறக்கம். முட்டி எங்கேயும் உடம்பில் படாது, எங்கேயும் நிற்காது, ஒரு கடுகு சிந்தாது. புதிதாகக் கற்பவர்கள் வேகமாகச் சுற்றினால் சக்தி கூடும் என்று நினைக்கிறார்கள். வேகமாகச் சுற்றுகிற கையைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவருக்குப் படபடப்புத்தான் கூடும். வந்தவர் மூச்சு விடும் வேகத்துக்கு உன் கை இறங்கி வர வேண்டும். மூன்றாவது சுற்றில் அவர் தோள் தானாகத் தளரும். அது தளர்வதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை கைவந்துவிட்டது.

சுற்றுவதற்கு முன்னால் ஆயா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் அவசரப்பட்டு முறத்தை நீட்டினால், “பாத்துட்டு சுத்துடி. சுத்திட்டுப் பாக்காத” என்று சொல்லும். அதைவிடப் பெரிய மந்திரம் எதையும் அது எனக்குக் கற்றுத் தரவில்லை.

ஒரு மார்கழி அந்தியில், பால் குடிக்காமல் வீறிட்டு அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் இளம்தாய் வந்தாள். என்னிடம் பழகிக்கொண்டிருந்த பெண் உடனே வேப்பங்கொத்தை எடுத்துவிட்டாள். நான் கொத்தை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையின் ஸ்வெட்டரையும் துணியையும் கழற்றச் சொன்னேன். குளிப்பாட்டியபோது நனைந்த அரைஞாண் கயிறு இறுகி, இடுப்பில் சிவந்த தடம் விழுந்திருந்தது. கயிற்றை அவிழ்த்து, தடத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டுவைத்து, வெதுவெதுப்பான துணியில் சுற்றிக் கொடுத்ததும் பிள்ளை பால் குடித்தது. அதன்பிறகும் சுற்றிப் போட்டோம். குழந்தைக்கு அல்ல, கை நடுங்கிக்கொண்டிருந்த அந்தத் தாய்க்கு. அவள் பயம் இறங்காமல் வீட்டுக்குப் போனால் அன்று இரவு இருவருக்கும் தூக்கம் இருக்காது.

பனிக்காலத்தில் வருகிற குழந்தைகளிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார். மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகிறதா பார். காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் முறத்தைத் தொடாதே, அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து அனுப்பு. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவது நம் வழக்கம். அதை இழைத்து நாக்கில் தடவாதே. சாம்பிராணிப் புகை கூந்தலுக்குப் போதும், சளி கட்டிய பிள்ளைக்குக் காட்டாதே.

வேப்பிலை அடிப்பதற்கும் பருவம் தெரிய வேண்டும். பனிக்காலக் கடைசியில் இலை பழுக்கத் தொடங்கும். பழுத்த கொத்தை ஒடித்தால் ஆட்டும்போதே உதிர்ந்து பிள்ளையின் கண்ணில் விழும். கரும்பச்சையாக, காம்பை வளைத்தால் முறியாமல் வளைகிற கொத்துதான் சரி. ஒடித்ததும் உதறி எறும்பைப் போக்கு. அடிப்பது என்று பெயர்தான்; இலை நுனி தோலை வருட வேண்டும், அவ்வளவே. தலையிலிருந்து தோள், தோளிலிருந்து கை, பிறகு முதுகு, பாதம். கீழ்நோக்கி மட்டுமே. முடித்ததும் முகத்தில் துளி நீர் தெளித்து, நெற்றியில் திருநீறு.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, இந்த வேலையின் முழு எடையும் எனக்குத் தெரிந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் நின்ற வேம்பும் சாய்ந்தது. அடுத்து வந்த நாட்களில் கரண்டு இல்லை. காற்றுச் சத்தத்தில் பயந்த பிள்ளைகள் இருட்டியதும் அலறினார்கள். விழுந்து கிடந்த மரத்திலேயே கொத்து ஒடித்து, சிமினி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பிள்ளையாகத் தாய் மடியில் உட்காரவைத்து மந்திரித்தேன். திருநீறு பூசிய பிறகு, “காத்து எப்படிக் கத்துச்சு, எனக்குச் சொல்லு” என்று கேட்பேன். சில பிள்ளைகள் கத்திக் காட்டின. சில பிள்ளைகள் அழுது தீர்த்தன. கத்திக் காட்டிய பிள்ளை அன்றிரவு தூங்கியது என்று தாய்மார்கள் வந்து சொன்னார்கள். இன்றைக்கும் பயந்த பிள்ளைக்குக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

ஆரத்திக்கு ஆலம் கரைப்பது எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விடிகாலைக் குளிர்ந்த நீரில் மஞ்சள் கட்டி தட்டும். வெதுவெதுப்பான நீரில் மஞ்சளை முதலில் கரைத்து, சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துச் சேர்க்க வேண்டும். மஞ்சள் நீர் சட்டென்று சிவக்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் கறுத்த சிவப்பாகிவிடும். அந்த நீர் தெறித்தால் கண் எரியும். சுற்றிய நீரை ஆள் நடக்காத ஓரத்தில் ஊற்று. பூசணிக்காய் உடைத்தால் துண்டுகளை நீயே பொறுக்கி அப்புறப்படுத்து. ஒருவர் கண்ணைக் கழிக்கப் போய், இன்னொருவர் வண்டி சறுக்கி விழுவது என்ன கழிப்பு?

மார்கழி வாசலில் சாணிப் பிள்ளையாருக்கு வைக்கிற பூசணிப்பூவுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. காம்புக்கு மேல் பிஞ்சு உருண்டிருந்தால் அது காய்க்கிற பூ, தொடாதே. மெல்லிய காம்புள்ள ஆண் பூவை விடியும்போது பறி. தினம் எடுத்த சாணத்தைப் பூவோடு வறட்டியாகத் தட்டிச் சேர்த்து வை. போகியன்று வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பூளை சேர்த்து வாசலில் காப்புக் கட்டு. மாட்டுப் பொங்கலன்று கொட்டிலுக்கு வெளியே வைக்கோலைச் சிறிதாகக் கொளுத்தி மாடுகளைத் தாண்டவிடு; மிரளுகிற கன்றை இழுக்காதே, தீ அணைந்து சாம்பலானதும் அதன் மேல் நடத்திக் கூட்டிப் போ. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக்குப் போகும்போது அந்த வறட்டிகளையும் எடுத்துப் போய் ஆற்றில் விட்டால் எங்கள் வீட்டுப் பனிக்கால வேலை முடிந்தது.

கூலி என்று நான் கேட்பதில்லை. வெற்றிலை பாக்கு வைத்தால் வாங்கிக்கொள்வேன். காசு பேசத் தொடங்கினால், இல்லாத கண்ணையும் கண்டுபிடிக்கச் சொல்லி மனசு கேட்கும். கற்க வருகிறவர்கள் இதற்குச் சம்மதித்தால் இந்தக் கார்த்திகைக்கே வாருங்கள். முறமும் வெயிலும் தயாராக இருக்கும். முதல் பருவம் முழுக்க மிளகாய் காயவைத்து, வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். சுற்றுவதை அதன்பிறகு கற்றுத் தருகிறேன். அதற்கு ஒரு பொழுது போதும்.