இல்மேட்டிக்: என் முதல் ஹிப் ஹாப் ஆல்பம்

எனக்குத் தெரிந்த ராப் எல்லாம் சினிமாப் பாட்டுக்கு நடுவில் வரும் முப்பது நொடி சமாச்சாரம்தான். யாரோ வேகமாக எதையோ சொல்லிவிட்டுப் போவார், அடுத்து பல்லவி வந்துவிடும். அப்படி இருந்தவன் ஒரே ஒரு ஆல்பத்தில் ஹிப் ஹாப் பைத்தியமாகிவிட்டேன். நாஸ் 1994 ஏப்ரலில் வெளியிட்ட 'இல்மேட்டிக்'. மொத்தமே பத்து தடங்கள், நாற்பது நிமிடம்கூட இல்லை. எனக்கு ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கு டேலி ஆவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும் :-)

ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று ரசிகர்கள் கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. அன்றுதான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த பார்ட்டியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அடுத்த மாதமே நாஸ் பிறந்தார். வளர்ந்தது அதே நகரத்தின் குயின்ஸ்பிரிட்ஜில். 1939-இல் திறக்கப்பட்ட அரசுக் குடியிருப்பு அது. 96 கட்டடங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 20. கிட்டத்தட்ட என் வயசு! எனக்கு வகுப்பில் செமினார் எடுக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதல் தடவை பாதிக்குப் பாதி புரியவில்லை. எல்லாம் அந்தத் தெருவின் பேச்சு. வரிகளைத் தாளில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டுக்கு இரண்டு ராத்திரி என்று உட்கார்ந்தேன். உரை இல்லாமல் சங்கப் பாட்டு படிப்பது மாதிரி இருந்தது. புரியப் புரிய இன்னொன்று தெரிந்தது. ஒத்த ஓசை வரியின் கடைசியில் மட்டும் வரவில்லை, நடுவிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகிறது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக எதுகை, மோனை, இயைபு என்று கோடு போட்டோமே, அதே மாதிரி பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தேன். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டின் தாள் முழுக்க வட்டம்!

இசை பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள். இதைத்தான் சாம்பிளிங் என்கிறார்கள். 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் ஓடும் பியானோ, அஹ்மத் ஜமால் என்ற ஜாஸ் கலைஞருடையது. கடைசிப் பாட்டில் மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' எட்டிப் பார்க்கும். ஆனால் மூன்றாவது தடத்தின் முடிவில் கேட்கும் கார்னெட் வெட்டி ஒட்டியது இல்லை. நாஸின் அப்பா ஓலு டாரா ஒரு ஜாஸ் இசைக்கலைஞர். மகனுக்காக அவரே வாசித்தது. அட்டையில் இருக்கும் சின்னப் பையனின் முகம்கூட, ஏழு வயது நாஸை அப்பா எடுத்த போட்டோதான்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஏழாவது தடம், 'ஒன் லவ்'. சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள். ஆறுதல் வசனத்தைவிட ஊர் நிலவரம்தான் அதிகம். நண்பனுக்குப் பிறந்த மகன் எப்படி இருக்கிறான், தெருவில் யார் யாருக்கு என்ன ஆச்சு, இப்படி. கடைசிப் பகுதியில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனோடு பேசுகிறார். அவனும் அதே பாதையில்தான் நடக்கிறான் என்று நமக்கே புரிந்துவிடுகிறது.

என் பள்ளித் தோழன் ஒருத்தன் பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அது சிறை இல்லைதான். ஆனாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஊர்ப்பக்கம் வர முடியும். போனில் காலேஜ் கதை சொன்னால் 'ம்... ம்...' என்பான். பிள்ளையார் கோயில் பக்கத்து டீக்கடையை இடித்துவிட்டார்கள் என்றால் மட்டும், "டேய், எப்படா?" என்று குரலே மாறிவிடும். அந்த 'எப்படா'வில் என்ன இருக்கிறது என்பது இந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் என்னிடம் கேட்பது அவனுடைய தெருவை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அவனுக்குப் போன் போடுகிறேன்.

காமர்ஸ் படிக்கிறவன் விற்பனைக் கணக்கைப் பார்க்காமல் இருப்பானா? வந்த உடனேயே 'தி சோர்ஸ்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் கொடுத்துவிட்டது. கல்லா மட்டும் மெதுவாகத்தான் நிரம்பியது. அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கான கோல்ட் சான்றிதழ் 1996-இல், பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் 2001-இல். 2021-இல், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதையும் சேர்த்தது. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இந்தச் சொத்தை எங்கே காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கெட்ட வார்த்தை ஏராளம், வீட்டில் ஹெட்போன் உத்தமம். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாவது தடத்தில் ஆரம்பியுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள், சண்டை போடலாம் :-)