நான்கு சக்கரமும் ஸ்டியரிங்கும்

இயந்திரவியல் நம் துறையன்று. ஆயினும் ஒரு புதிர் நம்மை விடவில்லை. 2009-இன் ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ், தன் 305 குதிரைத்திறனையும் முன்சக்கரங்களுக்கே அளித்தது. 2016-இல் வந்ததோ 350 குதிரைத்திறனை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தது. இனி முடுக்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்காது என்றுதானே எண்ணுவோம்? மேடுபள்ளச் சாலையில் அப்போதும் இழுப்பதுண்டு.

முறுக்குவிசையில் 70 விழுக்காடு வரை பின்னே சென்றாலும், எஞ்சியது முன்சக்கரங்களில்தான். வண்டியை இழுப்பவையும் திரும்புபவையும் அவையே. இருபுற அச்சுத்தண்டுகளின் கோணமோ டயர்களின் பிடிப்போ சற்று வேறுபட்டாலும் அது கைக்குத் தெரிகிறது.

வளைவிலோ, பின்னச்சின் இரு கிளட்சுகள் வெளிச்சக்கரத்துக்கு மிகுதியாக விசையனுப்பி வண்டியை உள்நோக்கித் திருப்புகின்றன. முன்னது தவிர்க்க முயன்றும் எஞ்சியது. பின்னது விரும்பி அமைத்தது. புதிதாக ஓட்டுபவருக்கு இரண்டுமே எதிர்பாராதவை. நான்கு சக்கரமும் காக்கும் என நம்பி ஒற்றைக் கையால் முடுக்குவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.