இரண்டாமவராய் நிற்றல்

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தனக்கு ஈந்தவனின் இயல்பையும் எடுத்துரைத்து, 'நீயும் அங்கே செல்க' என்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் நான்கு நூல்கள் இவ்வாறு கலைஞரை வள்ளல்பால் வழிப்படுத்துவன. பிழைப்புக்கு வழி காட்டுவதை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கி வைத்த மொழி நம்முடையது. இதனை மாணவர்க்குப் பாடம் சொல்லும் நாமே, பிறரை அணுகி வேலை கேட்பது இழுக்கு என எண்ணியிருந்த காலம் உண்டு.

1993-இல் ஸனது பெற்று ஊர் திரும்பினோம். தகுதியிருந்தால் வேலை நம்மைத் தேடி வரும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டோம். ஓதிக் கொடுத்த உஸ்தாதுமார்க்குக் கடிதம் எழுதவும் கூச்சம். ஏழு மாதங்கள் கழிந்தன. தாயார் ஒன்றும் கேட்கவில்லை. கேளாமையே பெரும் பாரமாயிற்று.

வழி திறந்தவர் பேரறிஞர் எவருமல்லர். மதரஸா தோறும் கிதாபுகளைச் சுமந்து சென்று விற்கும் முதியவர் ஒருவர். பள்ளிவாசலில் அஸருக்குப் பின் சிறுவர்க்கு நாம் நஹ்வுப் பாடம் சொல்வதைத் தூணோரம் அமர்ந்து கேட்டிருக்கிறார்.

"எந்த மதரஸாவிலே இடம் காலியாகிறது என்பது கிதாபு விற்பவனுக்குத் தெரியும், ஹஜ்ரத். நீங்கள் வேலை தேடுவதை யாரிடமும் சொல்லாவிட்டால் அது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

இரு வாரங்களில் அவரே நம்மை ஒரு மதரஸாவுக்கு அழைத்துச் சென்றார். முதல்வரிடம் அவர் நம்மைப் புகழவில்லை. "இவர் பாடம் சொல்லக் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கு விளங்குகிறது" என்றார், அவ்வளவே. கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. வேலை கிடைத்தது.

பத்தாண்டுகள் சென்றன. உறவினர் ஒருவர் தம் மகனுக்கு இமாம் பணி வேண்டி நம்மிடம் கடிதம் கேட்டார். அவ்விளைஞர் ஓதி நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. உறவு கசந்துவிடுமே என்று, 'நன்கு அறிவோம்' என எழுதிக் கொடுத்தோம். மூன்றே மாதங்களில் அந்த ஜமாஅத்தார் அவரை அனுப்பிவிட்டனர். மறு ஆண்டு, நம்மிடம் ஓதிய, மெய்யாகவே தகுதி வாய்ந்த மாணவர் ஒருவருக்காக அதே ஜமாஅத்துக்கு எழுதினோம். நம் கையெழுத்தைக் கண்டதுமே அக்கடிதத்தை ஒதுக்கி வைத்தனர் எனப் பின்னர் அறிந்தோம். நாம் பொய்யாய் எழுதிய சொல், மெய்யாய் எழுதிய சொல்லைக் கொன்றுவிட்டது.

பரிந்துரையை அரபியில் 'ஷஃபாஅத்' என்பர். அதன் வேர்ச்சொல் 'ஷஃப்உ', இரட்டை எனப் பொருள்படும், ஒற்றைக்கு எதிர்ச்சொல். ஒற்றையாய் நிற்பவனோடு இரண்டாமவராய்ச் சேர்ந்து நிற்பதே பரிந்துரை. நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையிலும், தீய பரிந்துரை செய்பவருக்கு அதன் தீமையிலும் பங்குண்டு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 85-ஆம் வசனம் உணர்த்துகிறது. அதனைப் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். நம் பங்கு எது என்று எண்ணிப் பார்த்தது பின்னரே.

சீறாப்புராணம் பாட உமறுப்புலவரைத் தூண்டிய சீதக்காதி, நூல் முற்றுப்பெறுமுன் மறைந்தார். அதன்பின் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்பது இலக்கிய வரலாறு. ஒரு கை ஓய்ந்தபோது மறு கை நீண்டிராவிடின், அத்தகைய புலமைக்கும் தடை நேர்ந்திருக்கும். நாடிச் செல்வதில் இழிவில்லை. அறியாததை அறிந்ததாய்ச் சொல்வதிலேதான் இழிவு.

ஓதி முடித்துச் செல்லும் மாணவர்க்கு இன்று நாம் சொல்வது இதுதான்: தேவை வந்த பின் மனிதரைத் தேடாதீர்கள், முன்பே அவர்களோடு பழகுங்கள், அவர்கள் கண்முன் உழையுங்கள். வேலை வேண்டுமெனில் வாய் திறந்து கேளுங்கள். நாளை உங்களிடம் ஒருவர் கேட்டு வந்தால், கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

அம்மாணவர் இன்று ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறார். நம்மைக் காணும்போதெல்லாம் முகமலர்ந்து ஸலாம் உரைக்கிறார். தமக்கு அவ்வேலை ஏன் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. இவ்விதழை மாதந்தோறும் தவறாது படிப்பவர் அவர்.