ஒன்பதுக்கு ஏழு

குன்னூரிலிருந்து மாமா போன் பண்ணினால் இரண்டே விஷயம்தான் இருக்கும். ஒன்று பச்சைத் தேயிலை விலை, இன்னொன்று மழை. போன தடவை மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

“மாப்ளே, ஒரு ஃபண்டு ஒன்பதுக்கு ஏழு மார்க் வாங்கியிருக்கு. நல்ல மார்க்தானே?”

மாமா ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் 34 வருஷம் டீ மேக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து பாங்கில் போட்டிருந்த 11 லட்சம் முதிர்வுக்கு வருகிறது. அதைக் கேள்விப்பட்ட ஏஜென்ட் ஒருவர், வண்ணத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபண்டின் பெயர், போன வருஷ லாபம், அதற்குக் கீழே பச்சைக் கட்டத்துக்குள் ‘நிதி பலம்: 7/9’.

போடலாம், வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். எனக்கு நாக்கு எழவில்லை. காரணம் இருக்கிறது.

2007 டிசம்பரில் இதே மாமா இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார். நான் அப்போது பி.காம். முடித்து ஆறு வருஷம், வணிகப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த இளம் நிருபன். போன வருஷ லாபத்தை மட்டும் பார்த்து, ‘கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க மாமா’ என்று ஒரு ஃபண்டைச் சொன்னேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 9,000-க்கும் கீழே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த தை மாதம் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். பணத்தை எடுத்தே ஆகவேண்டும். எடுத்தார். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதனால் இந்தத் தடவை, “அந்தத் தாளை வெச்சிருங்க, நேர்ல வர்றேன்” என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பர்லியாறு தாண்டும்போதே காது அடைத்தது. வண்டிச்சோலையில் இறங்கி வீட்டுக்குப் போனால், மாமா திண்ணையில் மூக்குக் கண்ணாடியோடு அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் இந்த ஒன்பது மார்க் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுத்த ஜோசப் பியோட்ரோஸ்கி என்பவர் 2000-ம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புத்தக மதிப்பை ஒட்டி மிக மலிவாகக் கிடக்கிற கம்பெனிப் பங்குகளில், தேறப்போவது எது, தேறாதது எது என்று வெறும் ஆண்டறிக்கையை வைத்தே பிரிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அதற்கு ஒன்பது சோதனை வைத்தார். பாஸானால் ஒரு மார்க், இல்லையென்றால் பூஜ்யம்.

லாபம் வந்திருக்கிறதா? தொழிலிலிருந்து ரொக்கம் வந்திருக்கிறதா? போட்ட சொத்துக்கு லாப விகிதம் போன வருஷத்தைவிட ஏறியிருக்கிறதா? லாபத்தைவிட ரொக்கம் அதிகமா? இவை நான்கு. நீண்டகாலக் கடன் விகிதம் குறைந்திருக்கிறதா, அவசரத்துக்குக் கைக்காசு நிலைமை முன்னேறியிருக்கிறதா, புதுப் பங்கு விற்றுக் காசு திரட்டாமல் இருந்தார்களா என்று மூன்று. மொத்த லாப விகிதமும், சொத்தில் ஒரு ரூபாய்க்கு நடக்கிற விற்பனையும் கூடியிருக்கிறதா என்று கடைசியாக இரண்டு.

அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால், 1976 முதல் 1996 வரையிலான அமெரிக்கக் கணக்குகளில் இதைப் போட்டுப் பார்த்தபோது, மலிவுப் பங்குகளை மொத்தமாக வாங்குவதைவிட மார்க் அதிகமானவற்றைப் பொறுக்கி வாங்கினால் வருஷத்துக்கு ஏழரை சதவீதமாவது கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று வந்தது.

இந்த ஒன்பதில் மாமாவுக்கு உடனே பிடித்துப்போனது நான்காவது சோதனை. லாபம் இருக்கும்போது ரொக்கத்தை எதற்குத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்:

“மழை நாள்ல இலை எடை ஜாஸ்தி நிக்கும் மாப்ளே. கொண்டுவந்தவனுக்கு சந்தோஷம். ஆனா நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் வரணும். அன்னிக்கு வராது. தண்ணியையும் சேத்து எடை போட்டிருக்கோம்ல?”

என் பி.காம். புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். கடனுக்கு விற்றதும், இன்னும் வராத பணமும் லாபத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஈர இலை எடை. ரொக்கம் என்பது தூள்.

சரி, ஏஜென்ட் தாளுக்கு வருவோம். ஏழு மார்க் யார் யாருக்குப் போட்டது என்று அவரைக் கேட்டேன். “கம்ப்யூட்டர்ல ஃபண்டு பேரைப் போட்டா அதுவே வந்துரும் சார்” என்றார். ஃபண்டின் ஆண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்பது கேள்விகளையும் ஃபண்டையே ஒரு கம்பெனியாக நினைத்துக் கேட்டிருக்கிறார்கள்!

யோசித்துப் பாருங்கள். மியூச்சுவல் ஃபண்டு என்பது நம் எல்லோருடைய பணத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. கடன் வாங்கி நடத்துகிற தொழில் இல்லை அது. வாங்க அனுமதியும் அநேகமாகக் கிடையாது. ஆக, கடன் கேள்வியில் பரீட்சை எழுதாமலேயே நல்ல பெயர். வைத்திருக்கிற பங்குகளின் விலை ஏறியதும் வருமானக் கணக்கில் வருகிறது என்பதால், சந்தை ஏறிய வருஷத்தில் லாபக் கேள்விகளிலும் பாஸ். புதுப் பங்கு விற்கக்கூடாது என்ற கேள்வியில் இன்னும் வேடிக்கை: ஜனங்கள் நம்பிக்கையோடு வந்து யூனிட் வாங்குகிற ஃபண்டுக்கு பூஜ்யம், எல்லோரும் விட்டு ஓடுகிற ஃபண்டுக்கு முழு மார்க். ‘மொத்த லாப விகிதம்’ என்று ஒரு ஃபண்டுக்கு எதைக் கணக்கிட்டார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். “லாரிக்கு மார்க் போட்டுட்டான். இலையைப் பாக்கலை” என்றார். ஃபேக்டரிக்கு இலை வந்து இறங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டு இலை ஒரு மொக்கு எவ்வளவு, முற்றின இலை எவ்வளவு என்று பிரித்து எண்ணுவார்களாம். லாரி புதுசா, பழசா என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

லாரியைப் பார்த்து இந்தியாவே ஏமாந்த கதை ஒன்று உண்டு. யு.எஸ்.64. மத்திய அரசு சட்டம் போட்டு உருவாக்கிய யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1964-ல் ஆரம்பித்த திட்டம். வருஷம் தவறாமல் டிவிடெண்ட். பென்ஷன்காரர்களுக்கு அதுதான் கோயில். ஆனால் யூனிட்டை இன்ன விலைக்கு விற்பது, இன்ன விலைக்குத் திரும்ப வாங்குவது என்பதை டிரஸ்டே நிர்ணயித்தது. உள்ளே இருக்கிற பங்குகளின் மதிப்புக்கும் அந்த விலைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. 1998 ஜூன் கணக்குப்படி திட்டத்தின் ரிசர்வ் 1,098 கோடி ரூபாய் மைனஸ் என்று தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. தீபக் பரேக் தலைமையில் கமிட்டி வந்தது, அரசாங்கம் கைகொடுத்தது. அப்புறமும் பழைய முறை முழுதாக மாறவில்லை. 2001 ஏப்ரல், மே மாதங்களில் விஷயம் தெரிந்த பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கோடிகளை எடுத்துக்கொண்டு வெளியேறின. ஜூலை 2-ம் தேதி, ஆறு மாதத்துக்கு விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்று அறிவிப்பு. நான் டிகிரி முடித்த அதே கோடை. அதுவரை 14 ரூபாய்க்கு மேல் விற்ற யூனிட்டுக்கு, சின்ன முதலீட்டாளர்களுக்கு மட்டும் ஆகஸ்டில் 10 ரூபாய், மாதம் பத்து பைசா ஏற்றி 2003 மே மாதம் 12 ரூபாய் என்று சமாதானம் சொன்னார்கள்.

டிவிடெண்ட் சரித்திரம், அரசாங்க முத்திரை, மொத்தத் தொகை என்று வெளியே தெரிந்ததை வைத்து மார்க் போட்டிருந்தால் யு.எஸ்.64-க்கு ஒன்பதுக்கு ஒன்பதுதான். எண்ணிப் பார்க்க இலையை அவர்கள் கண்ணில் காட்டவேயில்லை.

இன்று நிலைமை வேறு. யூனிட் மதிப்பைத் தினம் சொல்லியாகவேண்டும். எந்தக் கம்பெனியில் எவ்வளவு சதவீதம் என்ற பட்டியலை மாதாமாதம் வெளியிட்டாகவேண்டும். எனவே, கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களே மார்க் போடலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்பது கேள்வி. பிறகு, ஃபண்டில் அதன் பங்கு எவ்வளவோ அந்த எடையில் சேர்க்கவேண்டும். 6 சதவீதம் உள்ள கம்பெனிக்கு 8 மார்க், 2 சதவீதம் உள்ளதற்கு 3 மார்க் என்றால் இரண்டும் சேர்ந்து ஆறே முக்கால். வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்தால் ஐந்தரை என்று தப்பாக வரும்.

பழைய செக்ரோல் நோட்டு ஒன்றில் மாமா கோடு போட்டார். அத்தை டீ கொண்டுவந்து வைத்தாள். (டீ மேக்கர் வீட்டில் டீ எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், சுமார்தான். அவர் ஃபேக்டரியிலேயே குடித்துத் தீர்த்துவிட்டார்.)

பட்டியலில் முதல் வரியே சிக்கல். பாங்க். பாங்குக்கு இந்தச் சோதனை செல்லாது. கடன் வாங்குவதுதான் அதன் தொழிலே. டெபாசிட் என்பது என்ன? மொத்த லாப விகிதம், நடப்புச் சொத்து விகிதம் எதற்கும் அங்கே அர்த்தமில்லை. வாராக்கடன் எவ்வளவு, மூலதனம் போதுமா என்று வேறு கேள்விகள் கேட்கவேண்டும். நிஃப்டி 50-ல் மூன்றில் ஒரு பங்கு நிதித் துறைதான் என்பதால், நம் ஊர் ஃபண்டுகளில் பெரும்பாலானவற்றில் இதுதான் நிலைமை. அவற்றுக்கும் சேர்த்து ஒரு மார்க் போட்டு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

அடுத்து மாமா, “டீ கம்பெனி ஏதாவது இருக்கா?” என்று பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. முகம் வாடிவிட்டது. இருந்திருந்தால் எப்படி மார்க் போடுவது என்று பேச்சு அந்தப் பக்கம் போனது. அங்கேதான் எனக்குப் பாடம்.

“கவாத்து பண்ணின ஃபீல்டுல அந்த வருஷம் என்ன இலை வரும்? உன் பரீட்சையில அது ஃபெயில்தானே?” என்றார்.

ஃபெயில்தான். விற்பனை குறையும், லாப விகிதம் குறையும், மூன்று நான்கு மார்க் போய்விடும். ஒழுங்கான எஸ்டேட்டில் வருஷத்துக்கு ஒரு பகுதியாகச் சுற்றி வருவார்கள், அதனால் மொத்தத்தில் தெரியாது. செலவு மிச்சம் என்று ஒரு மானேஜர் கவாத்தையும், கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதுசு நடுவதையும் தள்ளிப்போட்டால்? அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மார்க் ஏறும். அந்தக் காலத்திலேயே நட்ட செடிக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பே மிஞ்சியிருக்காது என்பதால், சொத்துக்கு லாப விகிதம் வேறு பிரமாதமாகத் தெரியும். செடி செத்துக்கொண்டிருக்கும், மார்க் ஏறிக்கொண்டிருக்கும். “அப்படிப்பட்ட துரைங்களுக்குத்தான் பிரமோஷன் கிடைச்சிருக்கு” என்று சிரித்தார் மாமா.

எனவே ஒரு வருஷ மார்க்கை நம்பாமல் நான்கைந்து வருஷத்தை வரிசையாகப் பார்க்கலாம் என்று முடிவுசெய்தோம். அதிலும் கணக்கே பொய்யென்றால் இந்தச் சோதனை ஒன்றும் செய்யாது. 2009 ஜனவரியில் சத்யம் ராமலிங்க ராஜு, 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டாரே! ரொக்கத்தைப் பார், ரொக்கத்தைப் பார் என்கிற பரீட்சையில் ரொக்கமே கள்ள நோட்டு.

இருட்டுவதற்குள் மூன்று கம்பெனிதான் முடிந்தது. ஏழு, நான்கு, ஆறு. நான்கு வாங்கிய கம்பெனி ஊருக்கே தெரிந்த பெயர். லாபம் ஏறியிருக்கிறது, ரொக்கம் இறங்கியிருக்கிறது. மாமா பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘ஈரம்’ என்று எழுதினார்.

ராத்திரி சாப்பிடும்போது நானாக 2007-ஐ எடுத்தேன். அன்றைக்கு நான் பார்க்காமல் சொன்னேன் மாமா என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “நானும் பாக்கலையே” என்றார். அத்தை ரசம் ஊற்றினாள்.

மறுநாள் 9 லட்சத்தை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போட போஸ்ட் ஆபீஸுக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும், வீட்டுச் செலவு நடக்கும். மிச்சம் 2 லட்சத்தை எங்கே என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏஜென்டிடம், “எண்ணி முடிச்சிட்டு சொல்றேன்” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நேற்று ராத்திரி போன். பதினோரு கம்பெனி முடித்துவிட்டாராம். பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

“இதுல ஒத்திவைச்ச வரின்னு ஒண்ணு எழுதியிருக்கான் மாப்ளே. அது கட்டினதா, கட்டாததா?”

பத்து நிமிஷம் கொடுங்க மாமா, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.